படுக்கைப் புண்ணை மறைக்காதீர்கள், எழுதி வையுங்கள்!

நத்தம் வட்டாரம் மரங்கள் நிறைந்த பூமி. மாந்தோப்புக்கும் புளிக்கும் பேர் போன ஊர் அது. மாசித் திருவிழாவில் மாரியம்மன் கோவில் முன்பு வழுக்கும் கழுமரத்தில் இளைஞர்கள் போட்டி போட்டு ஏறுவார்கள். அதைப் பார்க்க ஊரே திரண்டு வரும்.

ஆனால், மரம் ஏறுகிறவர்கள் எல்லோரும் நல்லபடியாக இறங்கி விடுவது இல்லை.

புளி உலுக்க ஏறியவர் கிளை முறிந்து கீழே விழுகிறார். முதுகெலும்பு நொறுங்குகிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே போய் விடுகிறது. இன்னொரு வீட்டில் அப்பத்தாவுக்குப் பக்கவாதம். வேறொரு வீட்டில் தாத்தா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறார்.

இப்படிப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் எந்த ஊரில்தான் இல்லை?

முதலில் வந்த நோயைத் தாங்கிக் கொண்டவர்கள், அதற்குப் பின்னால் வந்த ஒரு புண்ணைத் தாங்க முடியாமல் போய் விடுவது உண்டு. அந்தப் புண்ணுக்குப் பெயர் படுக்கைப் புண்.

இந்தப் புண்ணுக்கு மருந்து பல உண்டு. ஆனால் எந்த மருந்துக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குக் காசு செலவு இல்லை. புண்ணைக் கண்ணால் பார்ப்பது. பார்த்ததைக் காகிதத்தில் எழுதுவது. அவ்வளவுதான்.

இந்தச் சின்ன வேலைதான் வீட்டிலும் தவறிப் போகிறது. ஆஸ்பத்திரியிலும் தவறிப் போகிறது.

சூப்பர்மேனுக்கு வந்த புண்

படுக்கைப் புண் என்றாலே "சரியாகக் கவனிக்கவில்லை" என்று ஊர் பேசும். மருமகள் மேல் பழி விழும். மகள் மேல் பழி விழும். அதனாலேயே வீட்டில் இருப்பவர்கள் புண்ணை மூடி மறைக்கிறார்கள். பார்க்க வருகிற உறவினரிடம் சொல்வது இல்லை. சில சமயம் டாக்டரிடம் கூடச் சொல்வது இல்லை.

இப்படி வெட்கப்பட வேண்டுமா?

கிறிஸ்டோபர் ரீவ் என்ற அமெரிக்க நடிகரைப் பலரும் அறிவார்கள். 1978-ல் வெளிவந்த "சூப்பர்மேன்" படத்தில் வானத்தில் பறந்தவர் அவர்தான். 1995-ம் ஆண்டு மே மாதம் அவர் குதிரையில் இருந்து விழுந்தார். கழுத்து எலும்பு முறிந்தது. கழுத்துக்குக் கீழே கை, கால் எதுவும் அசையவில்லை.

பணத்துக்கு அவருக்குக் குறைவு இல்லை. நல்ல டாக்டர்கள் இருந்தார்கள். பகலும் இரவும் கவனிக்க நர்சுகள் இருந்தார்கள். அன்பான மனைவியும் இருந்தார்.

அப்படி இருந்தும் அவருக்குப் படுக்கைப் புண் வந்தது. அதில் கிருமி தொற்றியது. அதற்குச் சிகிச்சை பெற்று வந்த சமயத்தில் அவருடைய இதயம் நின்றது. நினைவு திரும்பாமலே 2004-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி இறந்து போனார். அப்போது அவருக்கு வயது 52.

அத்தனை வசதி படைத்தவருக்கே வந்த புண், நம் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் கிடப்பவருக்கு வராதா? வரலாம். வந்தால் அது குற்றம் அல்ல. வந்ததைத் தெரிந்தும் மறைப்பதுதான் ஆபத்து.

புண் எப்படி உண்டாகிறது?

நல்ல உடம்பு உள்ளவர் தூக்கத்தில் கூடப் புரண்டு படுப்பார். ஒரே பக்கம் படுத்தால் வலிக்கும். வலித்தால் உடம்பு தானாகவே திரும்பிக் கொள்ளும்.

உணர்ச்சி போனவருக்கு வலிக்காது. பலம் போனவருக்கு வலித்தாலும் திரும்ப முடியாது.

உள்ளே எலும்பு, வெளியே படுக்கை. இரண்டுக்கும் நடுவில் தோலும் சதையும் மணிக்கணக்கில் நசுங்குகின்றன. அங்கே உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. ரத்தம் போகாத இடத்தில் சதை செத்துப் போகிறது. இதுதான் படுக்கைப் புண்.

ஆகவே எங்கே எலும்பு துருத்திக் கொண்டு இருக்கிறதோ, அங்கேதான் இந்தப் புண் வரும். மல்லாந்து படுத்தால் முதுகின் அடியில் வால் எலும்புக்கு மேல் வரும், குதிகாலில் வரும், தோள்பட்டையின் பின்னால் வரும், பின்னந்தலையில் வரும். ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பின் பக்கவாட்டில் வரும்; கணுக்காலில் வரும்; காது மடலில் கூட வரும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவருக்கு உட்காரும் எலும்பில் வரும். மாவுக்கட்டு அழுத்துகிற இடத்திலும், மூக்குக் குழாய் அழுத்துகிற இடத்திலும் வரும்.

அழுத்தம் மட்டும் காரணம் அல்ல. சிறுநீரிலும் மலத்திலும் தோல் ஊறினால் அது சீக்கிரம் கிழியும். நோயாளியைத் தூக்காமல் பாயில் இழுத்தால் தோல் உராயும். சாப்பாடு குறைந்து உடம்பு இளைத்தால் எலும்பு இன்னும் துருத்தும்.

பிராடன், பெர்க்ஸ்ட்ராம் என்ற இரண்டு அமெரிக்க நர்ஸ் பேராசிரியைகள் 1987-ல் ஒரு மதிப்பெண் அட்டவணையை வெளியிட்டார்கள். அதில் 6 கேள்விகள்தான். நோயாளிக்கு உணர்ச்சி இருக்கிறதா? தோல் ஈரமாகவே இருக்கிறதா? எழுந்து நடக்கிறாரா? தானாகப் புரண்டு படுக்கிறாரா? நன்றாகச் சாப்பிடுகிறாரா? படுக்கையில் உராய்ந்து சறுக்குகிறாரா? இந்த 6 கேள்விகளுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால், யாருக்குப் புண் வரக் கூடும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். உலகம் முழுவதும் ஆஸ்பத்திரிகளில் இன்றும் இந்த அட்டவணையைப் பயன்படுத்துகிறார்கள்.

நான்கு நிலைகள்

படுக்கைப் புண் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். டாக்டர்கள் இதை 4 நிலைகளாகப் பிரிக்கிறார்கள்.

முதல் நிலை: தோல் கிழிந்து இருக்காது. ஓர் இடம் சிவந்து இருக்கும். அந்த இடத்தை விரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து, பிறகு சிவந்தால் ரத்தம் ஓடுகிறது என்று பொருள். வெளுக்காமல் அப்படியே இருந்தால் அதுதான் முதல் நிலை.

இரண்டாம் நிலை: மேல் தோல் உரிந்து இளஞ்சிவப்பாக, ஈரமாக, ஆழம் இல்லாத புண் தெரியும். சில சமயம் நீர்க் கொப்புளமாகவும் இருக்கும்.

மூன்றாம் நிலை: தோல் முழுவதும் போய் குழி விழுந்து இருக்கும். உள்ளே கொழுப்பு தெரியும்.

நான்காம் நிலை: குழி இன்னும் ஆழமாகும். தசை, நரம்பு போன்ற தசைநாண், எலும்பு ஆகியவை தெரியும். அல்லது தொட்டால் தட்டுப்படும்.

இவை தவிர இன்னும் 2 வகைகள் உண்டு. சில புண்களை மஞ்சள் அழுக்கோ, கறுப்புப் பொருக்கோ மூடி இருக்கும். அதன் அடியில் எவ்வளவு ஆழம் என்று தெரியாது. அதை "நிலை சொல்ல முடியாதது" என்றே எழுத வேண்டும். வேறு சிலருக்குத் தோல் கிழியாமலே ஊதா நிறமாக, அடிபட்டுக் கன்றியது போலத் தெரியும். மேலே ஒன்றும் இல்லை என்று ஏமாந்து விடக் கூடாது. உள்ளே ஆழத்தில் சதை செத்து இருக்கலாம். சில நாட்களில் அது பெரும் புண்ணாக வெடிக்கலாம்.

நம் தோலின் நிறம்

இங்கே நம் ஊர்க்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

"சிவந்து இருக்கும்" என்று புத்தகத்தில் எழுதியது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அழுத்தினால் வெளுப்பதும் தெரியாது. அதனால் முதல் நிலை நம் கண்ணில் படாமலே கடந்து போகிறது. "நேற்று வரை ஒன்றும் இல்லை, இன்றைக்குத் திடீரென்று தோல் கிழிந்து விட்டது" என்று சொல்கிறோம். திடீரென்று கிழியவில்லை. முன்பே தொடங்கியது தெரியாமல் போய் விட்டது.

நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அந்த இடத்தின் நிறத்தைப் பக்கத்துத் தோலின் நிறத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிறதா? கெட்டியாக இருக்கிறதா? கொழகொழவென்று இருக்கிறதா? வீங்கி இருக்கிறதா? உணர்ச்சி உள்ளவராக இருந்தால், அங்கே வலிக்கிறதா என்று கேளுங்கள். கண் சொல்லாததைக் கை சொல்லும்.

அதே சமயம், படுத்திருப்பவருக்கு வரும் எல்லாப் புண்ணும் படுக்கைப் புண் அல்ல. சிறுநீரில் ஊறி, தொடை இடுக்கில் பரவலாகத் தோல் உரிவது வேறு. சர்க்கரை நோயாளியின் உள்ளங்காலில் வரும் புண் வேறு. நரம்பு சுருட்டிக் கொண்ட காலில், கணுக்காலுக்கு மேலே வரும் புண் வேறு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எது எந்தப் புண் என்று முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். அவர் சரியாகச் சொல்ல வேண்டுமானால், புண் எங்கே, எப்போது, எப்படித் தொடங்கியது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அதற்குத்தான் எழுத்து வேண்டும்.

அமெரிக்கப் புண்ணுக்குச் சென்னையில் கணக்கு

எழுத்துக்கு என்ன மதிப்பு என்று அறிய வெகு தூரம் போக வேண்டாம். சென்னைக்குப் போனால் போதும்.

"மெடிக்கல் கோடிங்" என்று ஒரு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டின் சிறு ஊர்களில் இருந்து பட்டம் படித்து வந்த பிள்ளைகள் பலர் சென்னையில் இந்த வேலையைப் பார்க்கிறார்கள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் டாக்டரும் நர்சும் எழுதிய குறிப்புகள் அவர்களுடைய கம்ப்யூட்டருக்கு வரும். அதைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் அதற்கு உரிய குறியீட்டு எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் அங்கே ஆஸ்பத்திரிக்குப் பணம் வருகிறது.

படுக்கைப் புண்ணுக்கு உரிய குறியீடு எல் 89 என்று தொடங்கும். ஆனால் அது மட்டும் போதாது. எந்த இடம், எந்த நிலை என்பதும் அந்த எண்ணில் இருக்க வேண்டும். வால் எலும்புப் பகுதியில் மூன்றாம் நிலைப் புண் என்றால் எல் 89.153. அதே இடத்தில் நான்காம் நிலை என்றால் எல் 89.154. குதிகால் என்றால் வலதா, இடதா என்பதற்குக் கூட வேறு வேறு எண்.

புண் படுக்கைப் புண்தான் என்று டாக்டர் எழுதி இருக்க வேண்டும். அது எந்த நிலை என்பதை நர்ஸ் எழுதி இருந்தாலும் ஏற்றுக் கொள்வார்கள். வெறுமனே "முதுகில் புண்" என்று இருந்தால், சென்னையில் இருப்பவர் தானாக எதையும் ஊகித்துக் கொள்ளக் கூடாது. டாக்டரிடம் கேட்டு விளக்கம் பெற வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஒரு நிலையில் இருந்த புண் அங்கே தங்கி இருக்கையில் முற்றி விட்டால், 2 எண்கள் போட வேண்டும். வந்தபோது எந்த நிலை என்பதற்கு ஒன்று. முற்றிய நிலைக்கு ஒன்று.

ஏன் இத்தனை கண்டிப்பு?

அமெரிக்காவில் முதியவர்களின் வைத்தியச் செலவை ஏற்கும் "மெடிகேர்" என்ற அரசாங்கத் திட்டம் உண்டு. 2008-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அது ஒரு புது விதியைக் கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு மூன்றாம், நான்காம் நிலைப் படுக்கைப் புண் வந்தால், அதற்கென்று கூடுதல் பணம் தர முடியாது என்பதே அந்த விதி. புண் வீட்டில் இருந்தே வந்ததா, ஆஸ்பத்திரியில் வந்ததா என்பது அன்று முதல் பணம் சம்பந்தப்பட்ட கேள்வி ஆகி விட்டது. ஆகவே நோயாளி வந்து சேர்ந்ததும் உச்சி முதல் உள்ளங்கால் வரை தோலைப் பார்த்து எழுதி விடுவதில் ஆஸ்பத்திரிகள் அதிக அக்கறை காட்டின.

யோசித்துப் பாருங்கள். எங்கோ அமெரிக்காவில் படுத்திருக்கும் ஒரு மூதாட்டியின் இடது குதிகாலில் உள்ள புண் எந்த நிலை என்று நம் ஊர்ப் பிள்ளை துல்லியமாகக் கணக்கு வைக்கிறான். அவன் வீட்டில் அவனுடைய அப்பத்தா படுத்திருந்தால், அவருடைய முதுகில் என்ன இருக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதி இருக்கிறதா?

இது அந்தப் பிள்ளையின் குற்றம் அல்ல. அங்கே எழுத்துக்குப் பணத்தின் கட்டாயம் இருக்கிறது. இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் கட்டாயம் இல்லை என்பதற்காக அவசியம் இல்லை என்று ஆகி விடுமா?

மூன்று ஆஸ்பத்திரி, மூன்று சீட்டு

நத்தத்தில் ஒருவர் மரத்தில் இருந்து விழுந்தால் என்ன நடக்கும்? முதலில் நத்தம் அரசு ஆஸ்பத்திரி. அங்கே இருந்து திண்டுக்கல். முதுகெலும்பு விஷயம் என்றால் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டி வரும். பிறகு வீடு.

ஒவ்வோர் இடத்திலும் ஒரு புதுச் சீட்டு. எலும்பு முறிந்தது எழுதப்படும். ஆபரேஷன் எழுதப்படும். மாத்திரைகள் எழுதப்படும். முதுகில் கை அகலத்துக்குத் தோல் நிறம் மாறி இருந்ததை எழுத மறந்து போனால் என்ன ஆகும்?

அடுத்த இடத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. அவர் நோயாளியை மல்லாக்கப் படுக்க வைப்பார். நிறம் மாறிய தோல் இன்னும் நசுங்கும். வீட்டுக்கு வந்து சேரும்போது புண் மூன்றாம் நிலை. "ஆஸ்பத்திரியில்தான் வந்தது" என்று குடும்பம் சொல்லும். "வரும்போதே இருந்தது" என்று ஆஸ்பத்திரி சொல்லும். இரண்டு பேர் கையிலும் எழுத்து இல்லை. வாக்குவாதம் நடக்கும், புண் ஆறாது.

முதல் நாளே எழுதி இருந்தால் இந்தச் சண்டை வந்திருக்காது. புண்ணும் ஒருவேளை அந்த அளவோடு நின்று இருக்கும்.

இதற்குப் பதில் சொல்பவர்களும் இருக்கிறார்கள். "ஒரு நர்ஸ் எத்தனை படுக்கையைப் பார்ப்பார்? ஊசி போடுவாரா, உட்கார்ந்து எழுதிக் கொண்டு இருப்பாரா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கூட்டம் நிறைந்த வார்டில் நர்சுகள் படும் பாட்டை யாரும் மறுக்க முடியாது. கூடுதல் நர்சுகளை நியமிப்பதே அதற்குச் சரியான பரிகாரம்.

ஆனால் ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும். தோலைப் பார்த்து நான்கு வரி எழுதச் சில நிமிடங்கள் போதும். நான்காம் நிலைப் புண்ணுக்கோ மாதக்கணக்கில் கட்டுப் போட வேண்டும். எழுதாமல் மிச்சப்படுத்திய நேரத்தைப் போல எத்தனையோ மடங்கு நேரத்தை அந்தக் கட்டு விழுங்கி விடும்.

இன்னொரு கூட்டத்தார், "எழுதினால் எங்கள் மேல் பழி வருமே!" என்று அஞ்சுகிறார்கள். இந்த அச்சம்தான் பெரிய தடை. புண்ணை எழுதிய நர்சைக் கூப்பிட்டு மேலதிகாரி திட்டினால், அடுத்த முறை யாரும் எழுத மாட்டார்கள். ஆகவே எழுதியவரைப் பாராட்ட வேண்டும். நல்ல ஆஸ்பத்திரி என்று நற்சான்று தரும் "நாப்" என்ற தேசிய அமைப்பு, ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த படுக்கைப் புண்களைக் கணக்கு எடுக்கச் சொல்கிறது. கணக்கு எடுத்தால்தானே குறைக்க முடியும்? கணக்கே இல்லாத இடத்தில் புண் இல்லை என்று நினைப்பது வெறும் ஏமாற்றம்.

வீட்டிலே ஒரு நோட்டு

ஆஸ்பத்திரி எழுதட்டும் என்று வீட்டில் இருப்பவர்கள் சும்மா இருக்கலாமா? கூடாது. நோயாளி அதிக நாள் இருக்கப் போவது வீட்டில்தான்.

பள்ளிக்கூடப் பிள்ளை எழுதும் நோட்டு ஒன்று போதும். படிப்பு குறைவாக இருந்தாலும் கவலை இல்லை. வீட்டில் படிக்கும் பேரனோ பேத்தியோ எழுதலாம். எழுத வேண்டியது இவ்வளவுதான்:

தேதி: ஜனவரி 5.
இடம்: வால் எலும்புக்கு மேல்.
நிலை: 2. தோல் உரிந்து இருக்கிறது.
அளவு: நீளம் 3 செ.மீ., அகலம் 2 செ.மீ.
சீழ்: இல்லை. வாடை: இல்லை. காய்ச்சல்: இல்லை.
திருப்பிப் படுக்க வைத்தது: காலை 6 இடது, 8 வலது, 10 மல்லாந்து.

அளப்பதற்குப் பிள்ளைகளின் அடிக்கோல் போதும். அதைப் புண்ணில் படாமல் பக்கத்தில் பிடிக்க வேண்டும். தலை முதல் கால் வரை உள்ள திசையில் நீளம், குறுக்கே அகலம். ஆழத்தை வீட்டில் குத்திப் பார்க்கக் கூடாது. அதை நர்ஸ் பார்ப்பார். வாரம் ஒரு முறை அளந்தால் போதும். தோலைப் பார்ப்பது மட்டும் தினமும் நடக்க வேண்டும்.

செல்போனில் படமும் எடுக்கலாம். நோயாளியிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே எடுக்க வேண்டும். டாக்டருக்கும் நர்சுக்கும் தவிர வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது. படுத்திருப்பவருக்கும் மானம் உண்டு.

நான்காம் நிலைப் புண் ஆறிக் கொண்டு வந்தால், அது மூன்றாம் நிலை ஆகி விட்டது என்று எழுதக் கூடாது. போன தசை மறுபடி அப்படியே வளர்வது இல்லை; தழும்புச் சதைதான் அந்தக் குழியை நிரப்புகிறது. "நான்காம் நிலை, ஆறி வருகிறது" என்று எழுதுவதே சரி. அந்த இடம் மீண்டும் கிழியக் கூடியது என்பதை அந்த எழுத்து நினைவுபடுத்தும்.

இந்த நோட்டு மருமகளுக்கும் ஒரு துணை. இரவு 2 மணிக்கு எழுந்து மாமியாரைத் திருப்பிப் படுக்க வைத்தது யாருக்குத் தெரியும்? நோட்டுக்குத் தெரியும். "நீ பார்க்கவில்லை" என்று சொல்ல வருகிறவர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். அப்புறம் ஓர் இரவாவது அவரும் எழுந்து உதவட்டும்.

செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

எழுதுவதோடு நில்லாமல், செய்ய வேண்டியவற்றையும் தெரிந்து கொள்ள வேண்டும்.

நோயாளியை ஏறக்குறைய 2 மணிக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். உடல் நிலையைப் பார்த்து இந்த நேரத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ டாக்டரின் பொறுப்பு. காற்றுப் படுக்கை வாங்கி விட்டால் திருப்ப வேண்டாம் என்பது தவறு. முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்காலின் அடியில் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது. தோலைச் சுத்தமாகவும், ஈரம் இல்லாமலும் வைக்க வேண்டும். முட்டை, பருப்பு, மீன், பால் என்று சத்துள்ள உணவை, மற்ற நோய்களையும் பார்த்து டாக்டர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும்.

சிவந்த இடத்தை எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது. உள்ளே நொந்த சதை இன்னும் நொந்து போகும். வளையம் போன்ற ரப்பர் தலையணையையோ, டியூபையோ அடியில் வைக்கக் கூடாது. அது சுற்றிலும் ரத்தத்தைத் தடுக்கும். குதிகாலில் காய்ந்து ஒட்டி இருக்கும் கறுப்புப் பொருக்கை வீட்டில் பிய்க்கக் கூடாது. புண்ணில் கண்ட பொடியைத் தூவக் கூடாது.

காய்ச்சல் வந்தாலோ, வாடை அடித்தாலோ, சீழ் வடிந்தாலோ, சுற்றிலும் சிவந்து வீங்கினாலோ, எலும்பு தெரிந்தாலோ ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது. நோட்டை எடுத்துக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முடியும் என்று காட்டியவர்கள்

"என்ன செய்தாலும் இந்தப் புண் வரத்தான் செய்யும்" என்று ஒரு காலத்தில் டாக்டர்களே கைவிட்டு இருந்தார்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்க் கோளாறாலும் இறப்பது விதி என்று நினைத்தார்கள்.

அதை மாற்றியவர் லுட்விக் குட்மன் என்ற டாக்டர். 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில், போரில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்காக ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. அதன் தலைவர் அவர். பகலானாலும் இரவானாலும் 2 மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு நோயாளியையும் திருப்பச் சொன்னார். சாவார்கள் என்று ஒதுக்கி வைத்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1948-ல் அவர்களுக்கு அவர் விளையாட்டுப் போட்டி நடத்தினார். அந்தப் போட்டிதான் வளர்ந்து பாராலிம்பிக்ஸ் ஆயிற்று. 2016-ல் சேலம் மாவட்டத்து மாரியப்பன் உயரம் தாண்டித் தங்கம் வென்றாரே, அதே பாராலிம்பிக்ஸ்தான்!

தமிழ்நாட்டிலும் வழி காட்டியவர்கள் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் மோட்டார் விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே செயல் இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்தார். அவருடைய முயற்சியால் 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் "அமர் சேவா சங்கம்" இருக்கிறது. அதைத் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயல் இழந்தவர். 1981-ல் அவர் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அங்கே மறுவாழ்வுப் பயிற்சி தருகிறார்கள்.

இப்படிப்பட்ட பயிற்சியில் முதலில் கற்றுத் தரும் பாடங்களில் ஒன்று, கண்ணாடியைப் பிடித்துத் தன் முதுகையும் பின்புறத்தையும் தானே பார்த்துக் கொள்வது.

அரசாங்கம் செய்ய வேண்டியது

"மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தைத் தமிழ்நாடு அரசாங்கம் 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கியது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே வலி நிவாரணச் சிகிச்சையும், இயன்முறைப் பயிற்சியும் தருவது அதன் நோக்கங்களில் அடங்கும். நல்ல திட்டம். அதை இன்னும் பயன் உள்ளதாகச் செய்யலாம்.

வீட்டுக்கு வரும் நர்ஸ் ஒவ்வொரு முறையும் நோயாளியின் முதுகையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். இடம், நிலை, அளவு என்று 3 வார்த்தைகளைக் குடும்பத்தின் நோட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

படுக்க வைக்கப்படும் நோயாளியின் தோலை ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே பார்த்து எழுத வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலும் புண் உண்டா, இல்லையா என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். "இல்லை" என்றாலும் எழுத வேண்டும். அந்த ஒரு வரி அடுத்த ஆஸ்பத்திரிக்கு வழி காட்டும்.

நான்கு நிலைகளையும் படம் போட்டு, தமிழில் ஒரு பக்கத்துத் தாளாக அச்சடித்து, நோயாளியோடு அனுப்ப வேண்டும். மாநிறத் தோலில் முதல் நிலை எப்படி இருக்கும் என்ற படம் அதில் அவசியம் இருக்க வேண்டும்.

இவை எல்லாம் கோடி ரூபாய்த் திட்டங்கள் அல்ல. மனம் இருந்தால் நத்தத்திலேயே தொடங்கலாம்.

அரசாங்கம் செய்யும் வரை வீடு காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ படுத்திருப்பவர் ஒருவர் இருந்தால், இன்று மாலை விளக்கைப் போட்டு அவருடைய முதுகைப் பாருங்கள். குதிகாலைத் தொட்டுப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் "ஒன்றும் இல்லை" என்று தேதி போட்டு எழுதுங்கள்.

நாளைக்கும் பாருங்கள். நாளைக்கும் எழுதுங்கள்.